கூண்டில் சிக்கும் சிறுத்தை வண்டலூருக்குத்தான் போகிறதா? உயிரியல் பூங்காக்களுக்கு விலங்குகள் எங்கிருந்து வருகின்றன?

பொதிகைச்சாரல் கேட்டது:

வணக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியை. எங்கள் பக்கம் ஆடோ நாயோ காணாமல் போனால் வனத்துறை வந்து கூண்டு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிறுத்தை விழுந்த செய்தி பரவியதும் தெருவே ஒரே குரலில் சொல்வது, "வண்டலூருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்" என்பதுதான். உண்மையில் அங்கேதான் போகிறதா?

இன்னொன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவனந்தபுரம் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்லப் போகிறோம். அதைச் சொன்னதிலிருந்து ஒரு பையன், "டீச்சர், ஒரு புலி என்ன விலை?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பூங்கா இன்னொரு பூங்காவுக்கு விலங்கைக் கொடுத்தது, மாற்றிக்கொண்டது என்று பத்திரிகையில் வருகிறதே, அதை யார் முடிவு செய்கிறார்கள்? பணம் கைமாறுகிறதா? அவ்வளவு பெரிய விலங்கை எப்படி ஏற்றி இறக்குகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுவேன்.

அம்பை ராசா எழுதியது:

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். பெரும்பாலும் வண்டலூருக்குப் போவதில்லை. நடமாட்டமும் பல்லும் நகமும் நன்றாக இருக்கிற சிறுத்தையை மருத்துவர் பார்த்த பிறகு, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் உள்பகுதியில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையைக்கூட நம் மேல்கோதையாறு பக்கம்தானே கொண்டுவந்து விட்டார்கள்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி, அப்படிப் பிடிக்கும் விலங்கைக் காட்டில் திரும்ப வாழவைக்க முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உறுதியானால்தான் அடைத்துவைக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுத்தில் பதிய வேண்டும். கால் முறிந்தது, கண் போனது, தாயைப் பிரிந்த குட்டி என்று வந்தால்தான் பூங்காவோ மறுவாழ்வு மையமோ. மற்றதைக் கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி வந்து சொல்லட்டும். அவர் அந்த வேலையிலேயே இருந்தவர்.

கல்லிடைக்குறிச்சியான் எழுதியது:

டீச்சர், தம்பி சொன்னது சரி. நான் ஒரு பெரிய உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஊராக விலங்குகளோடு லாரியில் போயிருக்கிறேன். இந்த விஷயத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குப் பேசாமல் இருக்க முடியாது.

அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: புலிக்கு விலை கிடையாது. விலை வைக்கவும் கூடாது. அதே சட்டத்தின் 38-I என்ற பிரிவு, சட்டத்தின் பட்டியலில் உள்ள எந்த விலங்கையும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் ஒரு பூங்கா வாங்கவோ விற்கவோ மாற்றவோ முடியாது என்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் அங்கீகாரம் பெற்ற பூங்காவாக இருக்க வேண்டும். இந்த ஆணையம் 1992-ல் வந்தது. அதற்கு முன்பு சர்க்கஸ் முதலாளி, சமஸ்தானத்து மிருகக்காட்சி சாலை, தனியார் வியாபாரி என்று பலரிடமிருந்தும் விலங்குகள் கைமாறின. இப்போது நடப்பது பரிமாற்றம். ஒரு பூங்காவில் நீர்யானைக் குட்டிகள் அதிகம், இன்னொன்றில் பெண் சிங்கத்துக்குத் துணை இல்லை. இரண்டு இயக்குநர்களும் கடிதம் எழுதிக்கொள்வார்கள், ஆணையத்தின் நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள், பிறகு அந்தந்த மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. பணம் செலவாவது லாரிக்கும் கூண்டுக்கும் உடன் செல்பவர்களுக்கும்தான். பெரும்பாலும் பெறுகிற பூங்கா அதை ஏற்கும். சில சமயம் இனப்பெருக்கத்துக்காக மட்டும் கடனாகக் கொடுப்பதும் உண்டு. அப்போது விலங்கின் உரிமை பழைய பூங்காவிடமே இருக்கும், பிறக்கிற குட்டிகளை இரு தரப்பும் பேசியபடி பிரித்துக்கொள்ளும்.

சரி, ஏன் மாற்ற வேண்டும்? இதுதான் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டியது. நம் மானூர், சங்கரன்கோவில் கரிசல் பக்கம் கிடை போடுகிறவர்கள் ஒரே கிடாவை வருடக்கணக்கில் மந்தையில் விட்டுவைக்க மாட்டார்கள். வேறு கிடையிலிருந்து கிடா மாற்றுவார்கள். இல்லையென்றால் குட்டி நோஞ்சானாகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பூங்காவிலும் அதே கணக்குத்தான். கூண்டுக்குள் இருக்கும் பத்து விலங்கும் அண்ணன் தங்கையாகிவிட்டால் அந்த வம்சம் உள்ளிருந்தே நொடித்துவிடும். வெள்ளைப் புலியைப் பாருங்கள். 1951-ல் ரீவாக் காட்டில் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியிலிருந்து, அதன் மகளோடே சேர்த்துப் பெருக்கியதுதான் நம் நாட்டுப் பூங்காக்களில் உள்ள வெள்ளை வம்சத்தில் பெரும்பகுதி. அழகாக இருக்கிறது என்று கூட்டம் முண்டியடிக்கிறது. மாறுகண்ணும் வளைந்த முதுகும் அந்த வம்சத்தில் வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அந்த அழகு கண்ணில் நிற்காது. வெள்ளைப் புலிக்காக எந்தப் பூங்காவும் லாரி அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பார்வையாளர் டிக்கெட் கூடும் என்பதற்காக ஒரு விலங்கைப் பெயர்த்து எடுப்பது அநியாயம்.

சிங்கத்திலும் இப்படி ஒரு குழப்பம் நடந்தது. சர்க்கஸில் இருந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கிர் காட்டு ஆசியச் சிங்கங்களும் கலந்து பிறந்தவை பல பூங்காக்களில் பெருகிவிட்டன. பிறகு அவற்றின் இனப்பெருக்கத்தை நிறுத்தி, தூய ஆசியச் சிங்கங்களை ஜூனாகத்தின் சக்கர்பாக் பூங்காவிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டிவந்தது. ஆகவேதான் வம்சாவளிப் பதிவேடு என்று ஒன்றை உயிராக வைத்திருக்கிறோம். தாய் யார், தகப்பன் யார், எந்தக் காட்டு வழி, எந்த ஆண்டு எங்கே பிறந்தது, தோலுக்கடியில் வைத்த மின்சில்லின் எண் எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் தெரியாமல் வரும் விலங்கை இனப்பெருக்கத்தில் சேர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

இனி நம் மலைக்கு வருகிறேன். சிங்கவால் குரங்கு, நம்மவர்கள் சோலைமந்தி என்பது. களக்காடு சரணாலயத்தை 1976-ல் உண்டாக்கியதே அதற்காகத்தான். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. அதைப் பாதுகாத்துப் பெருக்கும் திட்டத்துக்கு வண்டலூர் ஒருங்கிணைப்புப் பூங்கா. இந்தக் குரங்கை இடம் மாற்றும்போது ஆணைத்தான் மாற்ற வேண்டும், பெண்ணை அல்ல. காட்டில் பருவம் வந்த ஆண்தான் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியே போகும். பெண்கள் தாய், சித்தி, மகள் என்று அங்கேயே இருந்துவிடும். ஒரு பெண்ணைப் பிரித்து வேறு ஊருக்கு அனுப்பினால் கூட்டத்தின் நடுக்கண்ணியே அறுந்துபோகும். ஆணை அனுப்பினால் அதன் இயல்புப்படி அனுப்புகிறோம். ஒவ்வொரு விலங்குக்கும் காட்டில் யார் பிரிகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

ஏற்றுவது எப்படி என்று கேட்டீர்கள். மயக்க ஊசி போட்டுத் தூக்கிப் போடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நல்ல பூங்காவில் விலங்கு தானாக நடந்து கூண்டுக்குள் போகும். அதற்கு வாரக்கணக்காகும். பயணக் கூண்டை இரவுக் கொட்டடியின் வாசலோடு ஒட்டிப் பூட்டிவிடுவோம். இரண்டு பக்கக் கதவும் மேலே தூக்கியிருக்கும், கடைசியில் கம்பி வழியே வெளிச்சம் தெரியும். முதலில் இறைச்சியை வாசலில் வைப்போம், பிறகு ஒரு முழம் உள்ளே, பிறகு இன்னும் உள்ளே. ஒரு பெண் சிறுத்தையை நான் பழக்கினேன். கழுத்தை நீட்டி, முன்கால்களையும் உள்ளே வைத்து, உடம்பை நீளமாக இழுத்துக்கொண்டு இறைச்சியைக் கவ்வும். ஆனால் பின்னங்கால் விரல்கள் மட்டும் வாசற்படியைப் பற்றிக்கொண்டே இருக்கும். நகம் மரத்தில் பதிந்த தடம் தெரியும். கவ்வியதும் அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். எத்தனை நாள் ஆனாலும் அவசரப்படக்கூடாது. ஒரு நாள் அந்த நகங்கள் படியை விட்டன. அதற்கப்புறமும் உடனே கதவை இறக்கவில்லை. உள்ளேயே படுத்துச் சாப்பிட்டுக் காலை நக்கிக்கொள்ளும் வரை பொறுத்திருந்தோம். கதவின் அடி விளிம்பில் சாக்குத் துணி சுற்றியிருப்போம். இரும்பு விழும் சத்தம் ஒரு தடவை காதில் விழுந்தால் அந்த விலங்கு மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

கூண்டிலும் கவனம் வேண்டும். படுக்கவும் எழவும் இடம் வேண்டும், துள்ளிச் சுற்றித் திரும்ப இடம் கூடாது. திரும்பினால் ஓடும் வண்டியில் மோதி அடிபடும். காற்றுத் துளைகளின் ஓரம் மழமழவென்று தேய்த்திருக்க வேண்டும், பல்லோ நகமோ மாட்டக்கூடாது. தரை இரட்டைத் தரை. மேலே இடைவெளி விட்ட பலகை, கீழே சிறுநீர் வடியத் தட்டு.

பயணம் இரவில்தான். கேரளத்திலிருந்து ஒரு ஆண் சோலைமந்தியைக் கொண்டுவந்த இரவு எனக்கு இன்றும் தெளிவாக இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் படபடப்பில் குரங்கு கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கயிற்றைப் பிரித்து மறுபடி இறுக்கிக் கட்டினோம். வள்ளியூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினால் ஆள் கூடிவிட்டார்கள். கூட வந்த கால்நடை டாக்டர் கீழே இறங்கி, செல்போன் வெளிச்சம் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நான் ஒரு துண்டு நேந்திரம் பழத்தைக் கம்பி இடுக்கில் நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாங்கியது. மெல்லவில்லை, கன்னப் பையில் அடக்கிக்கொண்டது. டாக்டர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. பயந்து செத்துக்கொண்டிருக்கும் விலங்கு பின்னால் தின்ன வேண்டும் என்று சேர்த்து வைக்காது.

விலங்கோடு வரும் அதன் விவரப் பதிவான வரலாற்று அட்டையோடு நான் இன்னொரு தாளும் வாங்கிக்கொள்வேன், கொடுத்தும் அனுப்புவேன். எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும், எந்தப் பழத்தை முதலில் எடுக்கும், இடி இடித்தால் எந்த மூலைக்குப் போகும் என்று பழைய காப்பாளர் தன் கையால் எழுதியது. சட்டத்தில் அந்தத் தாளுக்கு இடம் இல்லை. இருக்க வேண்டும்.

ராமையன்பட்டி மாணவி எழுதியது:

அண்ணாச்சி எழுதியதைப் படித்தபின் மருத்துவப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். கால்நடை மருத்துவம் படிக்கிறேன்.

ஓடும் வண்டியில் விலங்கை மயக்கத்திலேயே வைத்திருப்பது ஆபத்து. மயக்கத்தில் உடல் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளாது. நம் ஊர் வெயிலில் அது போதும் உயிர் போக. வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மான், காட்டெருமை போன்ற அசைபோடும் விலங்குகளுக்குப் படுத்த நிலையில் வயிறு உப்பிவிடும். மயக்கம் தவிர்க்க முடியாத இடத்தில் சைலசின், கெட்டமின் சேர்த்துக் கொடுத்து, கூண்டில் ஏற்றியதும் சைலசினை முறிக்கும் மாற்று மருந்தைக் கொடுத்து எழுப்பி, நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

மான் விஷயத்தில் இன்னொரு பெரிய ஆபத்து உண்டு. துரத்திப் பிடித்தால் தசைகள் சிதைந்து, பிடித்த அன்று நன்றாக நின்ற மான் இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். அதனால்தான் புனல் வடிவத்தில் மறைப்புக் கட்டி, மான்களே மெதுவாக உள்ளே நடக்கும்படி செய்யும் ஆப்பிரிக்க முறையை இங்கும் கையாள்கிறார்கள். ஆண் மானைக் கொம்பு உதிர்ந்த பருவத்தில் மாற்றுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

வந்து இறங்கியதும் நேராகப் பார்வைக்கு விடுவதில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் தனிக் கூடத்தில் வைப்பார்கள். தனிக் காப்பாளர், தனி வாளி, தனிச் செருப்பு. சாணத்தில் குடற்புழு, ரத்தப் பரிசோதனை, குளம்பு விலங்காக இருந்தால் காசநோய், கருச்சிதைவு நோய், கோமாரி என்று பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்ப்பார்கள். அந்த அக்கறை வீணில்லை. 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி இரண்டு சிங்கங்கள் இறந்ததை எங்கள் வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

பொதிகைச்சாரல் எழுதியது:

அண்ணாச்சி, தங்கை, இருவருக்கும் நன்றி. விலை கேட்ட பையனுக்கு அந்தச் சிறுத்தையின் பின்னங்கால் கதையையே சொல்லப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். எங்கள் பக்கம் ஒரு பூங்காவில் முன்பு மான்களும் மயில்களும் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கங்கைகொண்டானில் அவ்வளவு புள்ளிமான் இருக்கிறதே, நாலைந்தைக் கொண்டுவந்து வைத்தால் பிள்ளைகள் பார்ப்பார்களே என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நடக்குமா? அடுத்து, ஒரு பூங்காவில் தேவைக்கு மேல் பெருகிவிட்டால் அந்த விலங்குகள் என்ன ஆகும்?

கல்லிடைக்குறிச்சியான் எழுதியது:

டீச்சர், மான் பேச்சை ஊர்ப் பெரியவர்களிடம் அன்போடு நிறுத்திவிடுங்கள். கங்கைகொண்டான் 2013-ல் அறிவித்த சரணாலயம், 288 ஹெக்டேர். அங்கிருந்து ஒரு மானைக்கூடப் பூங்காவில் வைத்துக் காட்டப் பிடிக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் வன விலங்கைக் காட்சிக்கு வைப்பதும் சட்டப்படி செல்லாது. கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்கா எத்தனை தலைமுறை பிள்ளைகள் பார்த்த இடம்! போதிய இடம் இல்லை என்று 2022-ல் ஆணையம் அதன் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. விலங்குகளை வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டிவந்தது. மான் பார்க்க ஆசையென்றால் பிள்ளைகளைக் கங்கைகொண்டானுக்கே அதிகாலையில் அழைத்துப் போகலாம்.

பெருகிவிட்டால் என்ன என்பது கடினமான கேள்வி. 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற ஆரோக்கியமான இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றார்கள். அதன் வம்சக்கூறு ஐரோப்பியப் பூங்காக்களில் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது, அதை வளர்த்தால் வேறு வம்சத்துக்கு இடம் போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்கு சரியாக இருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை. நம் ஊரில் அப்படிச் செய்வதில்லை. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது, கருத்தடை செய்வது, வேறு பூங்காவுக்குக் கொடுப்பது, மானாக இருந்தால் நோய்ப் பரிசோதனைக்குப் பின் காட்டில் விடுவது. இவை எல்லாம் முன்கூட்டியே யோசித்தால்தான் நடக்கும். இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் குட்டி போடவிட்டு, பிறந்தபோது பத்திரிகைக்குப் படம் கொடுத்துவிட்டு, வளர்ந்தபின் யார் தலையில் கட்டலாம் என்று தேடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

அதைவிட என்னை வாட்டுவது தனி விலங்கு. அங்கீகார விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள், ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குத் துணைக்காகவோ புது ரத்தத்துக்காகவோ அன்றி ஒற்றை விலங்கைப் பெறக்கூடாது என்று. மைசூரில் போலோ என்ற கொரில்லா 1995-ல் அயர்லாந்தின் டப்ளின் பூங்காவிலிருந்து வந்தது. 2014-ல் இறந்தபோது இந்தியாவிலேயே அது ஒன்றுதான் கொரில்லா. பேர் பெற்ற பூங்கா, நல்ல தீனி, நல்ல மருத்துவம், எல்லாம் இருந்தது. இன்னொரு கொரில்லா இல்லை. 2021-ல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு ஆண் கொரில்லாக்களை ஒன்றாகவே கொண்டுவந்தார்கள். இரண்டாக வந்ததுதான் எனக்குப் பெரிய ஆறுதல். நாடு விட்டு நாடு கொண்டுவருவதற்கு அழிவுநிலை உயிரின வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தப்படி இரு நாட்டு அனுமதிச் சீட்டும் வேண்டும், விமானத்துக்கு ஏற்ற அளவில் கூண்டு வேண்டும், ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடக்கும். அவ்வளவு பாடுபட்டு ஒன்றை மட்டும் கொண்டுவந்து நிறுத்துவது என்ன நியாயம்?

புதிய விலங்கைக் கூட்டத்தில் சேர்ப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் சொன்ன அந்தச் சோலைமந்தியைத் தனிமைக் காலம் முடிந்து உடனே பெண்களோடு விடவில்லை. பக்கத்து அறையில், நடுவில் கம்பி வலை. முதலில் பல்லைக் காட்டிக் கத்தல். பிறகு வலையோரம் வந்து உட்கார்வது. வயதான பெண் ஒன்று வலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது, இவன் விரலை நுழைத்து முடியைக் கோதிவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தோம். அதுவும் காலையில், எல்லோரும் கையில் குழாயும் வாளியும் வைத்துக்கொண்டு நின்றோம், சண்டை வந்தால் தண்ணீர் அடிக்க. தேவைப்படவில்லை.

திருவனந்தபுரம் பூங்கா 1857-ல் தொடங்கியது. இந்தியாவின் பழைய பூங்காக்களில் ஒன்று. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள். சிங்கவால் குரங்கு இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உருவத்தில் பெரிய ஆண் எந்தப் பூங்காவிலிருந்து வந்தது, எப்படிச் சேர்த்தீர்கள் என்று காப்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள் அந்தப் பையனை. தீனி கொடுக்கும் நேரத்தில் கேட்க வேண்டாம். அது முடிந்து கூண்டு கழுவிய பிறகு கேட்டால், எந்தக் காப்பாளரும் பேசாமல் இருக்கமாட்டார்.